உழைப்புக்குச் சாட்சி வேண்டும்

கண்ணு, பட்டறை வேலைக்கு நீ இப்போதுதான் போகத் தொடங்கியிருக்கிறாய். "வேலையைச் சுத்தமாகச் செய்தால் போதாதா பெரியப்பா?" என்று கேட்டாய். கோயமுத்தூர் பம்ப் கம்பெனிகளிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன்: போதாது.

1. ஆனாலும் முதலில் வேலைதான். மைக்ரோமீட்டரைத் துடைக்காமல் அளவு எடுக்காதே. உன் கையெழுத்தைப் பார்த்ததுமே இன்ஸ்பெக்‌ஷன்காரர் முகத்தில் நிம்மதி தெரியட்டும். அதுவரை சம்பளப் பேச்சை எடுக்காதே.

2. எழுதி வை. எங்கள் ஃபவுண்டரியில் ஒரு மோல்டர் இருந்தார். மணலில் ஈரம் கூடுவதால்தான் காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் விழுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். அவர் வாயால் சொன்னார். ஃபோர்மேன் எழுதிக் கொடுத்தார். பாராட்டுக் கடிதம் எழுதியவருக்கு வந்தது. இருவருமே நல்ல மனிதர்கள். மேலே இருந்தவர்களுக்குக் காகிதம் மட்டும்தான் தெரிந்தது. அதனால் ஷிஃப்ட் முடிந்து கை கழுவும் முன் இரண்டு வரி எழுது. 'ரொம்பப் பாடுபட்டேன்' என்று எழுதாதே. 'இம்பெல்லர் ரன்-அவுட். சாஃப்ட் ஜா தேய்மானம். ஜாவை மறுபடி போரிங் செய்தேன். முன்பு 100க்கு 7 ரிஜெக்ட், இப்போது 1' என்று எழுதித் தேதி போடு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். சம்பளத்துக்கு உழைப்பவனுக்கோ கணக்குப் பார்த்தால்தான் மிஞ்சும்.

3. தேய்மானத்தை முதலில் கவனித்தது ஹெல்பர் பையன் என்றால் அவன் பெயரையும் அதே வரியில் எழுது. பிறர் உழைப்பை மறைப்பவன் தன் உழைப்பைச் சொல்லும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

4. அருமை தெரிந்தவரிடம் காட்டு. 1910இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போன கணித மேதை ராமானுஜன், தன் கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுபோனார். ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டியதுமே ஆளைப் புரிந்துகொண்டார், சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குச் சேர்ந்த பிறகும் ராமானுஜன் சும்மா இருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்கு எழுதினார். முதலில் கடிதம் பெற்றவர்கள் கைவிரித்தார்கள். 1913 ஜனவரியில் எழுதிய கடிதம்தான் அருமை தெரிந்த கணித அறிஞர் ஹார்டி கையில் சேர்ந்தது. அத்தனை பெரிய மேதையே தன் நோட்டைத் தானே சுமந்து போய்க் காட்ட வேண்டியிருந்தது. நீ கூச்சப்படலாமா?

5. பாராட்டு வேறு, பாத்தியதை வேறு. பாராட்டு அவர்கள் மனசைப் பொறுத்தது. பாத்தியதை சட்டப்படி உனக்குச் சேர வேண்டியது. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று சட்டமே சொல்லிவிட்டது. பி.எஃப்.புக்கு உன்னிடம் 12 சதவீதம் பிடித்தால் கம்பெனியும் அதே அளவு கட்ட வேண்டும். பாஸ்புக்கை அவ்வப்போது பார். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவனுக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி உண்டு. நாலாவது வருஷம் ஒரு சின்னக் கோபத்தில் அதை உதறிவிட்டுப் போனவர்களைப் பார்த்து என் வயிறு எரிந்திருக்கிறது.

6. வாய் திறந்து கேள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆனால் அழ நேரம் காலம் உண்டு. இன்கிரிமென்ட் லிஸ்ட் மேலே போவதற்கு முன், மேனேஜர் தனியாக இருக்கும்போது, நோட்டோடு போய் உட்கார். "அவனுக்கு மட்டும் எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று ஒருநாளும் ஆரம்பிக்காதே. நீ செய்ததைச் சொல், வேண்டியதைச் சொல், பிறகு அவர் பேசட்டும்.

7. இரண்டு வருஷம் முறையாகக் கேட்டும் கதவு திறக்கவில்லையா? வேறு இடம் பார், கண்ணு. அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை. நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்து, உன் மெஷினை அடுத்தவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ. அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்காமல் மட்டும் கேட்டைத் தாண்டாதே.