ஒழுகும் துளை சொல்லும் பாடம்

பிக்கப் வண்டியின் எஞ்சினில் நீரைச் சுற்றிவரச் செய்வது தண்ணீர்ப் பம்பு. அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அச்சைக் காக்கும் சீல் தேய்ந்தால், கசியும் நீர் பேரிங்கினுள் புகாமல் வெளியேறவே அத்துளை. ஒழுகுகிறதே என்று அதை அடைப்பது அறியாமை. பேரிங் கெட்டுப் பம்பு நின்றால் எஞ்சின் கொதிக்கும்; சிலிண்டரின் தலை கோணிவிடும். பம்பை மாற்றுவதே வழி.

வெளிப் பெல்ட்டால் சுழலும் பம்பை வீட்டிலேயே மாற்றலாம். டைமிங் பெல்ட்டால் சுழல்வதாயின் மெக்கானிக்கிடம் விடுக.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தினால் உள்ளிருக்கும் நீர் 100 பாகை கடந்தும் கொதிக்காதிருக்கும். திறந்த கணமே ஆவியாகச் சீறி முகத்தைச் சுட்டுவிடும். நன்கு ஆறியபின் பேட்டரிக் கம்பியைக் கழற்றி, கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடித்து மூடிவைக்க வேண்டும். அது இனிக்கும் நஞ்சு. நாயும் குழந்தையும் நாடும்.

அடுத்துப் பெல்ட்டையும் ரப்பர்க் குழாயையும் எடுத்துப் பம்பைக் கழற்றுக. போல்ட்டுகளின் நீளம் வேறுபடலாம். அட்டையில் பம்பின் படம் வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்திவைத்தால் குழப்பமில்லை.

பழைய கேஸ்கெட்டைத் துணுக்கும் எஞ்சாமல், உலோகத்தில் கீறல் விழாமல் சுரண்டுக. புதியதை வைத்துப் பம்பைப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, கையேடு கூறும் அளவுக்கே இறுக்குக. ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் மறுபக்கம் கசியும்.

கழற்றியவற்றையெல்லாம் மீண்டும் மாட்டிக் கூலன்ட்டை நிரப்பி, கையேட்டின்படி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுக. காற்று தங்கினால் புதுப் பம்பு இருந்தும் எஞ்சின் கொதிக்கும். எஞ்சினைச் சற்று ஓட்டி, துளை உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்திருந்தால் வேலை நிறைவுற்றது.