கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும்: சேகரிப்பு அட்டைகளை மதிப்பிடும் முறை

சென்ற கோடை விடுமுறையில், ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்த என் மகன் ஒரு வேண்டுகோளுடன் வந்தான். தன் பெயரிலுள்ள தொடர் வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்து, ரூ. 7,000 எடுத்துத் தர வேண்டும் என்றான். பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் தாத்தாவும் பாட்டியும் கொடுத்த பணத்தைக் கொண்டு மாதந்தோறும் சேர்ந்த தொகை அது. ஹைதராபாத்தில் அட்டை சேகரிப்போர் நடத்தும் கைபேசிக் குழு ஒன்றில் அவன் உறுப்பினன். அங்கே போக்கிமான் அட்டை ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. "இதன் விலை எட்டாயிரம், அப்பா. எனக்கு ஏழாயிரத்துக்குத் தருகிறார். வாங்கிய உடனேயே ஆயிரம் ரூபாய் லாபம்" என்பது அவனுடைய கணக்கு.

"எட்டாயிரம் என்று யார் சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஐந்து பேர் அந்த விலைதான் போட்டிருக்கிறார்கள்."

"அந்த விலைக்கு எத்தனை பேர் வாங்கினார்கள்?"

அவனிடம் பதில் இல்லை. நான்கு வாரம் பொறுக்குமாறும், அந்த அட்டை உண்மையில் கைமாறிய ஒவ்வொரு விலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருமாறும் சொன்னேன். அந்தக் குறிப்பேட்டிலிருந்து நாங்கள் இருவரும் கற்றவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அட்டைக்குப் பதிலாகப் பழைய நாணயம், தபால்தலை, ரூபாய்த் தாள் என்று எதைச் சேகரிப்பவருக்கும் இது பொருந்தும்.

சரக்கிருப்பு தரும் பாடம்

வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் விதி ஒன்று உண்டு. இறுதிச் சரக்கிருப்பை மதிப்பிடும்போது அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். நிகர விற்பனை மதிப்பு என்பது, பொருளை விற்றால் வரக்கூடிய தொகையிலிருந்து விற்பதற்கு ஆகும் செலவைக் கழித்தபின் கையில் மிஞ்சுவது. வராத லாபத்தை வந்ததாக எழுதக் கூடாது என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையே இதன் அடிப்படை. மளிகைக் கடைக்குப் பொருந்தும் இவ்விதி, அட்டைப் பெட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

நான்கு வாரங்களில் அந்த அட்டை ஐந்து முறை விற்றிருந்தது. விலைகள்: ரூ. 2,600, ரூ. 2,900, ரூ. 3,200, ரூ. 3,400, ரூ. 6,500. இவற்றின் கூட்டுச் சராசரி ரூ. 3,720. ஆனால், ரூ. 6,500 என்னும் ஒரே விற்பனைதான் சராசரியை மேலே இழுத்திருந்தது. விசாரித்ததில், அது தரச் சான்று பெற்று நெகிழி உறையில் முத்திரையிடப்பட்ட அட்டை என்று தெரிந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு சரக்கு. இத்தகைய இடங்களில் சராசரியைவிட இடைநிலை அளவே நம்பத்தக்கது. விலைகளை ஏறுவரிசையில் எழுதினால் நடுவில் நிற்பது ரூ. 3,200.

இனி விற்பனைச் செலவுக்கு வருவோம். விற்பனைத் தளத்தின் தரகு 10 சதவிகிதம் என்று கொண்டால் ரூ. 320. அட்டை வளையாமல் கட்டி அனுப்பும் செலவு ரூ. 180. மீதி ரூ. 2,700. ஆக, மகன் ரூ. 7,000 கொடுத்து வாங்கியிருந்தால், அன்றைய மாலையே அவன் இருப்பில் ரூ. 4,300 குறைந்திருக்கும். அவன் கண்ட "ஆயிரம் ரூபாய் லாபம்" ஐந்து விற்பனையாளர்களின் விருப்பத்தில் மட்டுமே இருந்தது.

பண்டமாற்றிலும் கவனம் தேவை. ஒருவர் தம் அட்டையைக் கேட்கும் விலையிலும், எதிராளியின் அட்டையை ரொக்க விலையிலும் மதிப்பிடுவது குழுக்களில் வழக்கமாக நடப்பது. இரு தரப்பு அட்டைகளையும் ஒரே அளவுகோலால், அதாவது அண்மையில் கைமாறிய விலையால் அளந்த பின்பே வித்தியாசத் தொகையைப் பேச வேண்டும்.

விலையை ஆக்குபவை

முதலாவது, நிலைமை. அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்னும் பேஸ்பால் வீரரின் அட்டை, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பத்துக்கு ஒன்பதரை என்ற தரம் பெற்ற அட்டை அது. முனை தேய்ந்து, மடிப்பு விழுந்த அதே அட்டைக்கு இத்தொகையில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. நான்கு முனைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்னும் நான்கையும் பார்த்தே தரம் வழங்குகிறார்கள். விற்பவர் "புதியது போன்றது" என்று சொல்வது தரச் சான்று ஆகாது.

இரண்டாவது, அருமை. அதே 1952-ஆம் ஆண்டு அட்டைகள் அன்று விற்காமல் தேங்கின. 1960-இல் மீதிப் பெட்டிகளைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக, அந்த அட்டைகளை உருவாக்கிய சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்று எஞ்சியிருப்பவை குறைவு. மாறாக, 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் "எதிர்காலத்தில் விலை ஏறும்" என்று நம்பி எல்லோரும் வாங்கிப் பாதுகாத்த அட்டைகள் அளவின்றி அச்சிடப்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் விலையில்லை. எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் அரிதாவதில்லை.

மூன்றாவது, தேவை. அரிதாக இருந்தால் மட்டும் போதாது. விரும்புவோரும் இருக்க வேண்டும். என் தலைமுறையினர் பிக் ஃபன் பபிள்கம்முடன் வந்த கிரிக்கெட் அட்டைகளைச் சேர்த்தோம். அவற்றில் பெரும்பாலானவை தொலைந்துபோயின. ஆகவே இன்று அரிதானவைதாம். ஆயினும் அவற்றைத் தேடி அலைவோர் சிலரே என்பதால், விற்க வேண்டிய நாளில் வாங்குபவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

நான்காவது, பூர்வீகத்துக்கான ஆதாரம். இதற்கு ஹைதராபாத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நிஜாம் அரசு 1918 முதல் தன் சொந்த ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. அத்தாள்கள் இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1922 மே மாதம், பிரெஞ்சுக் கடற்கரைக்கு அப்பால் 'எஜிப்ட்' என்னும் கப்பல் மோதி மூழ்கியபோது, தங்கம் வெள்ளியுடன் கையொப்பமிடப்படாத ஹைதராபாத் தாள்களும் கடலடிக்குச் சென்றன. 1930-களில் இத்தாலிய மூழ்காளர்கள் தங்கத்தை மீட்டபோது, இத்தாள்களில் ஒரு பகுதியும் வெளியே வந்தது. செலாவணிக்கே வராத அந்தத் தாள்கள் இன்று சேகரிப்பாளர்களிடையே விலைபோகின்றன. அவற்றின் விலையில் பெரும்பகுதி அந்தக் கதைக்கு உரியது. கதைக்குச் சான்று இருந்தால் மட்டுமே அந்த விலை. இல்லையெனில் அது கறை படிந்த பழைய தாள்.

நான் கற்ற விதம்

இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல இயலாது. பணி மாற்றலில் இந்நகருக்கு வந்த புதிதில், ஒரு கடையில் சார்மினார் உருவம் பொறித்த நிஜாம் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றை, கடைக்காரர் சொன்ன விலைக்கே வாங்கினேன். சில மாதங்கள் கழித்து வேறொரு வணிகரிடம் காட்டியபோது, நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவாகவே தர முன்வந்தார். அவர் ஏமாற்றவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் அவர் வாடகையும், காத்திருப்பும், லாபமும் இருந்தன. அந்த இடைவெளியை நான் விசாரிக்கவில்லை.

எனினும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. மீர் மஹபூப் அலி கான் காலத்து அந்த ரூபாயின் எடை ஏறத்தாழ 11 கிராம். அதில் சுமார் 82 சதவிகிதம் வெள்ளி. சேகரிப்பாளர் எவரும் வேண்டாம் என்றாலும், 9 கிராம் வெள்ளியின் விலை அதற்கு அடித்தளமாக நிற்கும். அட்டைக்கு அப்படி ஓர் அடித்தளம் இல்லை. விரும்புவோர் விலகினால் மிஞ்சுவது அச்சிட்ட காகிதம் மட்டுமே. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் 1986-ஆம் ஆண்டு அட்டை, மிக உயர்ந்த தரத்தில், 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு விற்றது. அதே தர அட்டையின் விலை சில மாதங்களிலேயே அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. இடையில் அந்த அட்டைகளுக்கு ஒரு கீறலும் விழவில்லை.

காக்கைக்குத் தன் குஞ்சு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். தம் கையிலிருப்பதை மிகையாக மதிப்பது மனித இயல்பு. ஜான் லிஸ்ட் என்னும் பொருளியலறிஞர் இதை அமெரிக்க அட்டைச் சந்தைகளிலேயே சோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழச் சம மதிப்புள்ள இரு விளையாட்டு நினைவுப் பொருள்களில் ஒன்றைக் கொடுத்து, விரும்பினால் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். பொதுமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மாற்றிக்கொண்டனர். அனுபவமிக்க வணிகர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாற்றிக்கொண்டனர். சில நிமிடங்கள் கையில் இருந்ததற்கே இவ்வளவு பற்று! ஆண்டுக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டுமா? மகிழ்ச்சியான செய்தி, பழக்கத்தால் இக்குறை நீங்கும் என்பதே.

வங்கி மேசையிலிருந்து சில எச்சரிக்கைகள்

இவ்வியல்பைப் பயன்படுத்தும் மோசடிக்காரர்களும் உண்டு. பணி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர், டிராக்டர் படமுள்ள ஐந்து ரூபாய்த் தாளைச் சில லட்சங்களுக்கு வாங்கிக்கொள்வதாக யாரோ சொன்னதை நம்பி, "பதிவுக் கட்டணம்" அனுப்ப எங்கள் கிளைக்கு வந்தார். வைப்புத் தொகையை முறிக்கும் படிவம் கையில் இருந்தது. காசாளர் காரணம் கேட்டதால் அவர் பணம் தப்பியது. அந்தத் தாள் ஏராளமாக அச்சிடப்பட்ட ஒன்று. அதுபோலவே, நாணயத்தில் ஆண்டின் கீழுள்ள நட்சத்திரக் குறியும் அரியதன்று; அது ஹைதராபாத் நாணயச் சாலையின் அடையாளம், அவ்வளவே.

பழைய தாள்களையும் நாணயங்களையும் வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை என்றும், அதற்காக எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்றும், தன் சார்பில் எவருக்கும் அனுமதி வழங்கவில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ஆம் நாள் அறிவித்துள்ளது. நீங்கள் விற்பவராக இருக்கையில் உங்களிடமே முன்பணம் கேட்டால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்க.

மேலும் நினைவில் கொள்ள வேண்டியவை:

1. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை இடவோ, க்யூ.ஆர். குறியீட்டை வருடவோ தேவையில்லை. அவை பணம் அனுப்புவதற்கே.

2. பணம் அனுப்பியதாகக் காட்டும் திரைப்படத்தை நம்பி அட்டையை அனுப்ப வேண்டாம். கணக்கில் வரவு விழுந்ததை நீங்களே பாருங்கள்.

3. வாங்குவதற்கு முன், விற்பவரின் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளுடன் அட்டையின் இருபுறப் படங்களையும் கேளுங்கள். பொதி வந்ததும் பிரிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள்.

4. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்கத் தீர்வையையும் அடக்க விலையில் சேருங்கள். நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது.

5. ஏமாற்றப்பட்டால் தயங்காமல் 1930 என்னும் எண்ணை அழைத்துவிட்டு, வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது.

குறிப்பேட்டின் கடைசி வரி

நான்கு வாரம் முடிந்ததும், மகன் அந்த விற்பனையாளரிடம் ரூ. 3,000 தருவதாகச் சொன்னான். அவர் மறுத்துவிட்டார். அடுத்த மாதம் வேறொருவரிடம் அதே அட்டையை, அதே நிலைமையில், தன் கைச்செலவுப் பணத்திலிருந்து ரூ. 3,100-க்கு வாங்கினான். தொடர் வைப்பு தொடப்படவில்லை. அது வரும் ஆண்டில் முதிரும்.

சேகரிப்பு ஒரு நல்ல பொழுதுபோக்கு. அதில் செலவிடும் பணம், திரும்பி வராவிட்டாலும் வருந்தாத பணமாக இருக்கட்டும். சேமிப்பு வேறு, சேகரிப்பு வேறு. புதிய அட்டையைக் குறிப்பேட்டில் பதிந்தபோது மதிப்பு என்னும் கட்டத்தில் என்ன எழுதுகிறான் என்று கவனித்தேன். எட்டாயிரமும் இல்லை, அவன் கொடுத்த மூவாயிரத்து நூறும் இல்லை. ரூ. 2,700 என்று எழுதினான்.