பசி என்னும் படைக்கலம்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கரையருகே தோன்றிக் குண்டு பொழிந்ததையும், எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்ததையும், நகரமாந்தர் பலர் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடியதையும் கேட்டறியாதார் நம்மிற் சிலரே. அக்கப்பலின் பெயர் நம் பேச்சில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆயினும் அது இந்துமாக்கடலுக்கு வந்த நோக்கம் யாது? சென்னையை அழிப்பதன்று, சரக்குக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் பிரிட்டனின் கடல் வாணிகத்தைக் குலைப்பதே அதன் தொழில். அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னி அதனை ஒழித்தது. ஜெர்மனி இங்கு ஒரு கப்பலைக்கொண்டு செய்ய முயன்றதையே, பிரிட்டன் தன் பெருங்கடற்படையைக்கொண்டு நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஜெர்மனிக்குச் செய்தது. அம்முற்றுகையே இக்கட்டுரையின் பொருள்.

போருக்கு முன் ஜெர்மனி தன் உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெளிநாடுகளிலிருந்து பெற்றுவந்தது. வயலுக்கு எருவாகவும் வெடிமருந்துக்கு மூலப்பொருளாகவும் பயன்பட்ட வெடியுப்பு தென்னமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தினின்று வந்தது. கடல் அடைபடவே இரண்டும் நின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் முறையை ஹாபர், பாஷ் என்னும் இரசாயன அறிஞர் போருக்குச் சற்று முன்னரே கண்டிருந்தனர். 1913-இல் ஒப்பௌ என்னுமிடத்தில் ஆலையும் எழுந்திருந்தது. அஃது இல்லையேல் ஜெர்மனியின் பீரங்கிகள் வெகுநாள் முழங்கியிரா. ஆனால் அங்ஙனம் கிடைத்த நைட்ரஜன் முதலில் வெடிமருந்துச் சாலைக்கே சென்றது. வயலுக்கு எஞ்சியது சிறிதே.

இனி, சட்டம் என்ன கூறிற்று என்பதைக் காண்போம். உணவுப்பொருள் பகைவரது படைக்கோ அரசாங்கத்துக்கோ செல்வதாயின் மட்டுமே அதனைக் கடலிற் கைப்பற்றலாம், குடிமக்களுக்குச் செல்வதாயின் ஆகாது என்பது 1909-ஆம் ஆண்டின் லண்டன் பிரகடனத்தின் கருத்து. பிரிட்டன் அதனை உறுதிசெய்யவில்லை. 1915 ஜனவரியில் ஜெர்மானிய அரசாங்கம் தானியத்தைத் தன் ஆட்சிக்குட் கொணர்ந்து ரொட்டிக்கு அளவு வகுத்தது. இருப்பதை யாவருக்கும் பங்கிடுதற்கே அவ்வாறு செய்தது. பிரிட்டன் அதனையே காரணமாகப் பற்றிக்கொண்டது. தானியம் அரசின் கையிலிருப்பின், எது வீரனுக்கு, எது குழந்தைக்கு என்று எங்ஙனம் பிரித்தறிவது? அவ்வாண்டு மார்ச் முதல் ஜெர்மனிக்குச் செல்லும் எச்சரக்கையும் தடுப்பதென முடிவாயிற்று. இவ்வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு என்பதே இதன் கொடுமை. தேசம் முழுவதும் போர்த்தொழிற்சாலையாகிவிட்ட இடத்தில், குண்டு செய்யும் பெண்ணைக் குடியென்பதா, படையென்பதா? இவ்வினாவை எழுப்பியவர்கள் அவள் பிள்ளையைப் பற்றி வினவவில்லை.

முற்றுகை ஒருபுறமிருக்க, ஜெர்மானிய அதிகாரிகள் தாமே செய்த பிழைகளும் பசியை வளர்த்தன. மனிதர் உண்ணத்தக்க தானியத்தையும் உருளைக்கிழங்கையும் பன்றிகள் தின்கின்றன எனக் கணக்கிட்டுரைத்தனர் அறிஞர் சிலர். 1915-இன் முற்பகுதியில் இலட்சக்கணக்கான பன்றிகள் கொல்லப்பட்டன. சில வாரங்கள் இறைச்சி மலிந்தது. பின்னர்க் கொழுப்புக்கும் எருவுக்கும் பஞ்சம் வந்தது. கணக்கு ஏட்டிற் சரியாயிருந்தது; தொழுவத்திற் பொய்த்தது. 1916-இல் மழையும் நோயும் சேர்ந்து உருளைக்கிழங்கு விளைச்சலை ஏறக்குறைய பாதியாக்கின. அடுத்து வந்த குளிர்காலத்தில், மாட்டுத்தீனியாகிய டர்னிப் இனத்துக் கிழங்கே ஏழைகளின் ரொட்டியிலும் குழம்பிலும் பழக்கூழிலும் புகுந்தது. அக்காலத்தை அந்நாட்டார் இன்றும் டர்னிப் குளிர்காலம் என்றே வழங்குகின்றனர். பெண்கள் விடியுமுன்னே கடைவாயிலில் வரிசையாய் நின்றனர். பணமுடையோர் கள்ளச்சந்தையில் வாங்கி உண்டனர். பள்ளிப்பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் குறித்துவைத்த பழைய பதிவேடுகள், போர்க்காலப் பிள்ளைகள் தம் வயதுக்குரிய வளர்ச்சியின்றிக் குன்றியதை இன்றும் காட்டுகின்றன.

படைவீரர் மட்டும் பசிக்குத் தப்பினரோ? மெசபொட்டேமியாவில் டைகிரிஸ் நதிக்கரையிலுள்ள கூட் என்னும் ஊரில், 1915 டிசம்பர் முதல் பிரிட்டிஷ்-இந்தியப் படையொன்று துருக்கியரால் முற்றுகையிடப்பட்டது. அதில் இந்தியரே மிகுதி. உணவு குறையவே குதிரைகளைக் கொன்றனர்; நம் நாட்டு வீரர் அநேகர் அவ்விறைச்சியைத் தொட மறுத்தனர். இந்தியாவிலுள்ள சமயத் தலைவர்களின் அனுமதியைப் பெற்றுத் தெரிவித்தும் பலர் நெடுநாள் இணங்கவில்லை. மருத்துவர் அங்குக் கண்டதொன்று ஆராய்ச்சிக்குரியது. வெள்ளை மாவு ரொட்டி உண்ட ஆங்கில வீரரைப் பெரிபெரி பற்றியது. தவிடு நீக்காத ஆட்டா மாவை உண்ட இந்தியருக்கு அந்நோய் வரவில்லை. ஆனால் புதிய இறைச்சியும் காய்கறியும் இன்றி இந்தியரை ஸ்கர்வி வாட்டியது. ஆகாயவிமானங்கள் மாவுமூட்டைகளை வீசிப் பார்த்தன; போதவில்லை. 1916 ஏப்ரல் 29-ஆம் நாள் ஏறக்குறைய 13,000 பேர் சரணடைந்தனர். சிறைப்பட்ட சாதாரண வீரருள் பலர் மீளவில்லை.

அத்துருக்கிய ஆட்சியிலிருந்த லெபனான் மலைநாட்டின் நிலை இதனினும் கொடிது. கடற்கரையை நேசநாட்டுக் கப்பல்கள் அடைத்தன. உள்நாட்டுத் தானியம் அங்குச் செல்லாதபடி துருக்கிய அதிகாரிகள் தடுத்தனர். 1915-இல் வெட்டுக்கிளிகளும் வந்து வயல்களை அழித்தன. அங்கு மாண்டோர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் என்பர். அவர்களுட் பெரும்பாலோர் எந்தப் போர்க்களத்தையும் கண்டவரல்லர்.

அரசுகளும் இதனால் ஆட்டங்கண்டன. 1917 மார்ச் 8-ஆம் நாள் பெட்ரோகிராடில் ஆலைத்தொழிலாளிப் பெண்கள் ரொட்டி வேண்டித் தெருவில் இறங்கினர். ஒரு வாரத்தில் ஜார் முடி துறந்தார். 1918 ஜனவரியில் ஆஸ்திரியாவில் மாவின் அளவு குறைக்கப்பட, வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு வசந்தத்தில் பிரான்சில் முன்னேறிய ஜெர்மானிய வீரர், கைப்பற்றிய பண்டசாலைகளில் வெள்ளை ரொட்டியையும் இறைச்சியையும் கண்டு, மேற்செல்லாது உண்ணத் தொடங்கினர். பகைவரும் தம்மைப் போலவே பட்டினி கிடக்கின்றனர் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

1918 நவம்பர் 11-ஆம் நாள் பீரங்கிகள் ஓய்ந்தன, முற்றுகை ஓயவில்லை. உடன்படிக்கையிற் கையெழுத்து வாங்குதற்கு அது கருவியாக வைத்துக்கொள்ளப்பட்டது. 1919 மார்ச்சுக்குப் பின்னரே உணவுக்கப்பல்கள் செல்லலாயின. ஜூலையில்தான் தடை முற்றும் நீங்கியது. முற்றுகையால் ஜெர்மனியில் இறந்த குடிமக்கள் 7,63,000 என அந்நாட்டார் அன்று கணக்கிட்டனர். பின்வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் 4,24,000 என்றார். காசம், நிமோனியா முதலிய நோய்களால் மாண்டவரைப் பசியால் மாண்டவர் எனக் கொள்வதா, 1918-இன் விஷசுரச் சாவுகளை எங்ஙனம் பிரிப்பது என்பன இன்றும் வாதத்துக்குரியன.

வென்ற நாட்டிலும் இது பொறாதவர் இருந்தனர். எக்லன்டைன் ஜெப் என்னும் ஆங்கில மாது, பசியால் நலிந்த ஆஸ்திரியக் குழந்தைகளின் படங்கொண்ட துண்டுப்பிரசுரங்களை லண்டனில் வழங்கியதற்காகக் கைதுசெய்யப்பட்டு, 1919 மே மாதம் 5 பவுன் அபராதம் விதிக்கப்பட்டார். அவருக்கெதிராக வழக்காடிய அரசாங்க வழக்கறிஞரே அத்தொகையை அவர் கையிற் கொடுத்தார் என்பர். அம்மாதமே குழந்தைகளைக் காக்கும் நிதி தொடங்கப்பட்டது. குடிமக்களைப் பட்டினியிட்டுப் போர்புரிதலாகாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் துணை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது 1977-ஆம் ஆண்டில்.