ஜவ்வரிசியும் சர்க்கரைப் பந்தும்

சேலம், நாமக்கல் பகுதியில் வாழும் நமக்குக் குச்சிக்கிழங்கு புதியதன்று. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் பேருந்தில் போகும்போது, சேகோ ஆலைக் களங்களில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்வதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். (அந்தப் புளித்த வாடையையும் மறக்க முடியாது!) 1981-இல் இத்தொழிலுக்கென்றே சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது.

அம்மாவு முழுவதும் குளுக்கோஸ் சங்கிலியே. நேராகச் செல்வது அமைலோஸ். அயோடின் சொட்டு விட்டால் நீலமாவது இதனால்தான். மாவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காக இருப்பதோ அமைலோபெக்டின். அது சுமார் 25 குளுக்கோசுக்கு ஒரு கிளை விட்டு, மரம்போல் படர்ந்திருக்கும்.

இத்தகைய மரத்தை மனிதன் செய்ய முடியுமா? அமெரிக்காவின் டோமாலியா 1985-இல் வெளியிட்ட முறை வியக்கத்தக்க எளிமை உடையது. எத்திலீன் டைஅமீனில் இரண்டு அமீன் முனைகள் உள்ளன. அதனுடன் மெத்தில் அக்ரிலேட்டைச் சேர்த்து, பிறகு மீண்டும் எத்திலீன் டைஅமீனைச் சேர்த்தால் முனைகள் நான்காகும். இவ்விரு வினைகளையே திரும்பத் திரும்பச் செய்தால் 8, 16, 32 என்று பெருகி, ஐந்தாம் சுற்றில் 64 முனைகள்! இதற்கு டென்ட்ரைமர் என்று பெயர்.

1995-இல் ஜப்பானிய அறிஞர்கள் இம்முனைகளுக்குச் சர்க்கரைப் பூச்சு இட்டனர். மாவுச்சத்து செரிக்கும்போது உண்டாகும் மால்டோசை நாம் அறிவோம். அதை லாக்டோனாக மாற்றி அமீனுடன் சேர்த்தால் தானாகவே பிணைந்துகொள்ளும். குளுக்கோஸ் வெளிப்புறம் நிற்கும். இவ்வாறு கிடைத்ததைச் 'சர்க்கரைப் பந்து' என்றே அவர்கள் அழைத்தனர்.

இனிப்புப் பூசி என்ன பயன் என்று தோழியர் கேட்கலாம். நம் உயிரணுக்களின் மேல் சர்க்கரைகள் உள்ளன. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமி, அங்குள்ள மேனோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டே ஒட்டுகிறது. ஒரு மேனோசைக் கரைத்துக் கொடுத்தால் அதன் பிடி எளிதில் நழுவிவிடும். ஒரே பந்தில் பல மேனோஸ் இருந்தால் கிருமி அதிலேயே சிக்கிக்கொள்ளும். நம் ஊர் வாளவரைக்காயின் விதைப் புரதமும் இதே போல் சர்க்கரையைப் பற்றுவதால், ஆய்வாளர்கள் அதை வைத்தே பந்தைச் சோதிக்கின்றனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் என். ஜெயராமன் இத்தகைய சர்க்கரை டென்ட்ரைமர்களை ஆராய்ந்துள்ளார்.

மால்டோசுக்குப் பதில் பாலிலுள்ள லாக்டோசைப் பூசினால் வெளியே காலக்டோஸ் நிற்கும். கல்லீரல் உயிரணுக்கள் காலக்டோசை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்பவை. ஆகவே கல்லீரலுக்கு மட்டும் மருந்தைக் கொண்டு சேர்க்க இவ்வழியை முயன்று பார்க்கின்றனர்.