சிபாப் கருவி: முதல் இரு வாரங்களில் கைவிடாதிருக்க

ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோய்க்குச் சிபாப் கருவி பெற்றுச் செல்வோரில் சிலர், அடுத்த முறை வரும்போது அது அலமாரியில் இருப்பதாகக் கூறுகின்றனர். காரணம் கேட்டால், “எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்பார்கள். அச்சொல்லுக்குள் எளிதில் தீர்க்கக்கூடிய இடர்ப்பாடு ஒன்று பெரும்பாலும் மறைந்திருப்பதைக் காண்கிறோம்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. இந்நோய் உள்ளவர்களுக்கு மூச்சுப்பாதை மூடி, 10 வினாடியோ அதற்கு மேலோ காற்றோட்டம் நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் குறைய, மூளை கணநேரம் விழித்து மூச்சை மீட்கிறது. மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ இவ்வாறு நிகழ்ந்தால் நோய் கடுமையானது. பகல் தூக்கக் கலக்கமும் உயர் இரத்த அழுத்தமும் இதனுடன் தொடர்புடையவை.

சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் வெளியிட்ட சிகிச்சை இது. கருவி ஆக்சிஜன் தருவதில்லை. அறைக் காற்றையே மிதமான அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. மூக்குக்கண்ணாடியைப் போல, அணிந்திருக்கும் வரையே பயன். ‘உடல் இதற்கு அடிமையாகிவிடுமோ’ என்னும் அச்சம் வேண்டா.

தொடர்ந்து அணியும் பழக்கம் பெரும்பாலும் முதல் இரு வாரங்களிலேயே உருவாகிறது. அந்நாட்களில் நேரும் தொல்லைகளுக்கான தீர்வுகள் இவை:

மூச்சு முட்டும் உணர்வு: பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது கருவியை இயக்கி, முகமூடியைக் கையால் பிடித்துப் பழகுங்கள், பின்னர் பட்டையை மாட்டுங்கள். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தும் ‘ரேம்ப்’ வசதியும் உதவும்.

காற்றுக் கசிவு: மேலும் இறுக்குவது தீர்வன்று. படுத்த நிலையில், கருவி இயங்கும்போது பட்டையைச் சரிசெய்யுங்கள். முகமூடியின் மெத்தைப் பகுதியை நாள்தோறும் மென்மையான சோப்பால் கழுவுங்கள். அளவு பொருந்தாவிடில் மாற்றித் தரலாம்.

வாய் உலர்தல், மூக்கடைப்பு: ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீரை நாள்தோறும் மாற்றுங்கள். மூக்கடைப்புக்குத் தனிச் சிகிச்சை உண்டு.

இரவுக்கு 4 மணி நேரம், பத்தில் ஏழு இரவுகள் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் குறைந்தபட்ச அளவு மட்டுமே. பலருக்கு விடியலை ஒட்டிய உறக்கத்தில்தான் தடை மிகுகிறது. ஆகவே நள்ளிரவில் கழற்றிவிட்டால், மீண்டும் அணிந்தே உறங்க வேண்டும். பகலில் கண்ணயரும்போதும் அணிய வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கடிந்துகொள்ளாமல், எந்த இரவில் எதனால் கழற்றினார் என்று குறித்து வாருங்கள். அக்குறிப்பு எங்களுக்குப் பெரிதும் பயன்படும். பகல் தூக்கம் நீங்கும் வரை அவர் வாகனம் ஓட்டாதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தத்தை நீங்களாக மாற்ற வேண்டா. தொல்லை தொடர்ந்தால், குறித்த நாள் வரை காத்திராமல் கருவியையும் முகமூடியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கருவியை அலமாரியில் வைக்கும் முன் எங்களிடம் ஒரு சொல் கூறுங்கள்.