சிறு நிலத்துக்கு எந்த டிராக்டர், எந்த டீலர்? – முக்கியக் குறிப்புகள்

வேளாண் அலுவலர், உதவி வேளாண் அலுவலர், வேளாண் பொறியியல் பணிகளுக்குப் படிப்பவர்கள் பண்ணை இயந்திரப் பகுதியில் சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதமே ஒரு விவசாயி வந்து, "அஞ்சு ஏக்கர் இருக்குதுங்க, எத்தனை எச்.பி. எடுக்கலாம்?" என்று கேட்பார். ஏக்கரை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆண்டுக்கு எத்தனை மணி ஓடும், பின்னால் என்ன மாட்டப் போகிறார், மண் எப்படி, பழுதானால் மெக்கானிக் எங்கிருந்து வருவார் என்ற நான்கும் தெரிந்தாக வேண்டும். தேர்வில் வரும் எண்களையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.

நில அளவு

• 1 ஹெக்டேர் = 2.47 ஏக்கர். 1 ஏக்கர் = 100 சென்ட் = 43,560 சதுர அடி.

• குறு விவசாயி: 1 ஹெக்டேருக்குக் கீழ். சிறு விவசாயி: 1 முதல் 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை முதல் ஐந்து ஏக்கர்.

• வேளாண் கணக்கெடுப்பு முதலில் நடந்தது 1970–71இல். பத்தாவது கணக்கெடுப்பான 2015–16இன்படி சராசரி நில உடைமை இந்தியாவில் 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். பலரும் இந்த 0.75ஐ ஒரு மதிப்பெண் விடையாக மட்டும் படிக்கிறார்கள். இரண்டு ஏக்கரைக்கூட எட்டாத நிலம் அது. அதுவும் பல இடங்களில் ஒரே துண்டாக இருக்காது. அந்த நிலத்துக்குச் சொந்த டிராக்டர் கட்டுபடியாகாது என்று ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் நாளை நீங்கள்தான் இருப்பீர்கள்.

குதிரைத்திறன்

• மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட், பிரிட்டிஷ் குதிரைத்திறன் 746 வாட். கேள்வியில் 75 கி.கி.-மீ./வினாடி என்று வந்தால் மெட்ரிக் அளவைத்தான் கேட்கிறார்கள்.

• விளம்பரப் பலகையில் பெரிதாக எழுதியிருப்பது எஞ்சின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. எச்.பி. இது எஞ்சின் திறனில் சுமார் 85 சதவீதம் இருக்கும். மானியத் திட்டம் டிராக்டர்களை 8–20, 20–40, 40–70 என்று பிரிப்பதும் பி.டி.ஓ. எச்.பி.யை வைத்தே. ஆகவே விவசாயியிடம் பேசும்போது எந்த எச்.பி. என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

• பி.டி.ஓ. தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. தண்டில் 6 பற்கள். 1000 சுற்று வகையும் உண்டு.

• மும்முனை இணைப்பை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் ஹாரி பெர்குசன். சிறு டிராக்டர்களில் இணைப்பு ஊசி மெல்லியதாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கலப்பையை இரவல் வாங்கி மாட்டப் பார்க்கும்போதுதான் இது தெரியவரும். கையில் ஏற்கெனவே கருவிகள் இருந்தால், டிராக்டரைப் பார்க்கப் போகும்போதே அவற்றின் ஊசி அளவையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கணக்கு: இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்

• வேலைத்திறன் (ஹெக்டேர்/மணி) = கருவியின் அகலம் (மீ.) × வேகம் (கி.மீ./மணி) ÷ 10. இதைத் திறன் விகிதத்தால் பெருக்கினால் உண்மையான வேலைத்திறன் வரும். வரப்போரம் திரும்புவது, ஓட்டிய இடத்தின் மேலேயே மறுபடி ஓட்டுவது, நின்று மண் தட்டுவது எல்லாம் அந்த விகிதத்தில் அடக்கம்.

• சிறு டிராக்டர், 0.9 மீ. (3 அடி) ரோட்டவேட்டர், வேகம் 2.5 கி.மீ., திறன் 80 சதவீதம் என்று கொள்வோம். 0.9 × 2.5 ÷ 10 × 0.8 = 0.18 ஹெக்டேர்/மணி. ஏக்கரில் 0.44க்குச் சற்று மேல். ஐந்து ஏக்கரை ஒருமுறை ஓட்டி முடிக்க 11 மணி 15 நிமிடம் ஆகும்.

• பெரிய டிராக்டர், 1.5 மீ. (5 அடி) ரோட்டவேட்டர், வேகம் 3 கி.மீ., அதே 80 சதவீதம். 0.36 ஹெக்டேர்/மணி. ஐந்து ஏக்கருக்கு 5 மணி 40 நிமிடம் போதும்.

வேகத்தைப் பார்த்துப் பெரியதே நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டு போகத்துக்கும் சேர்த்து ஆண்டுக்குப் பத்து முறை அந்த ஐந்து ஏக்கரை ஓட்டினாலும் சிறியது ஓடுவது சுமார் 112 மணி; பெரியது சுமார் 56 மணி. பாடநூல்களில் செலவுக் கணக்குப் போடும்போது ஆண்டுக்கு 1000 மணி, ஆயுள் 10 ஆண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த இடைவெளியில்தான் சிறு விவசாயியின் கடன் குட்டி போடுகிறது.

• தேய்மானம் (ஆண்டுக்கு) = (வாங்கிய விலை − இறுதி மதிப்பு) ÷ ஆயுள். இறுதி மதிப்பு பொதுவாக விலையில் 10 சதவீதம்.
வட்டி (ஆண்டுக்கு) = (வாங்கிய விலை + இறுதி மதிப்பு) ÷ 2 × வட்டி விகிதம்.

• கணக்குக்காக, சிறு டிராக்டர் 4,00,000 ரூபாய், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 36,000, வட்டி 22,000, மொத்தம் 58,000 ரூபாய். வண்டி கொட்டகையிலேயே நின்றாலும் இது ஆகும். 1000 மணி ஓடினால் மணிக்கு 58 ரூபாய். 112 மணி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 518 ரூபாய். டீசல், ஆயில், டிரைவர் கூலி, பழுதுச் செலவு இதில் சேரவில்லை.

• 8,00,000 ரூபாய் டிராக்டருக்கு நிலைச்செலவு 1,16,000. 56 மணிக்கு வகுத்தால் மணிக்கு 2,071 ரூபாய். சொந்த நிலத்தை மட்டும் உழுவதற்கு இவ்வளவு செலவு செய்து எந்தப் பயிரிலும் மீள முடியாது.

• அதே சிறு டிராக்டர் அக்கம்பக்கத்து வேலையும் சேர்த்து 300 மணி ஓடினால் நிலைச்செலவு மணிக்கு 193 ரூபாயாக இறங்குகிறது. ஆகவே "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டவுடன், "வாடகைக்கும் விடுவீர்களா, ஓட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.

கருவியும் மண்ணும்

• தோராயமாக நினைவில் வைக்க: 3 அடி ரோட்டவேட்டருக்கு 18–25 எச்.பி.; 4 அடிக்கு 25–35; 5 அடிக்கு 35–45.

• இழுவை எச்.பி. = இழுவிசை (கி.கி.) × வேகம் (மீ./வினாடி) ÷ 75. 30 செ.மீ. அகலத்தில் இரண்டு கொழு கொண்ட, மண்ணைப் புரட்டும் கலப்பை, ஆழம் 15 செ.மீ., வேகம் மணிக்கு 4 கி.மீ. (வினாடிக்கு 1.11 மீ.). மண்ணின் எதிர்ப்பு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 கி.கி. என்றால் இழுவிசை 450 கி.கி.; தேவை சுமார் 6.7 எச்.பி. எதிர்ப்பு 0.8 என்றால் 720 கி.கி.; தேவை 10.7 எச்.பி. கலப்பையும் ஆழமும் மாறவில்லை. மண் மட்டும் மாறியதில் தேவை பாதிக்கு மேல் கூடிவிட்டது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் கோடை உழவு ஓட்டுபவரும் செம்மண் தோட்டக்காரரும் ஒரே எச்.பி.யை வாங்கக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

• எஞ்சின் திறன் முழுவதும் இழுவைக்கு வராது. சக்கரம் வழுக்குவதில் கொஞ்சம் போகும். 10–15 சதவீத வழுக்கல் இயல்பு. அதற்கு மேல் போனால் டயரும் டீசலும் வீண்.

• காவிரி டெல்டாவின் களிமண்ணில் சேறடிக்கும்போது எடை பாதகமாகலாம். 40–45 எச்.பி. டிராக்டர் இரண்டு டன் அளவில் இருக்கும், 15–20 எச்.பி. டிராக்டர் முக்கால் டன் அளவுதான். கேஜ் வீல் மாட்டினாலும் அடிமண் இளகிய வயலில் கனமான வண்டி இறங்கிவிடும்.

• தென்னைக்கு இடைவெளி 25 × 25 அடி. எந்த டிராக்டரும் நுழையும். வாழைக்கு 1.8 × 1.8 மீ. என்று நட்டால், இலை விரிந்த பிறகு குறுகிய டிராக்டருக்கே சிரமம். பவர் டில்லரோ பவர் வீடரோதான் சரிப்படும். ஆகவே வண்டியின் மொத்த அகலத்தைக் கேட்டு வாங்குங்கள். விற்பனையாளர்கள் எச்.பி.யையும் மைலேஜையும் சொல்வார்கள், அகலத்தை நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

• இந்தியாவில் 41–50 எச்.பி. பிரிவுதான் அதிகம் விற்பது. ஊரில் நாலு பேர் வைத்திருப்பதால் நாமும் வாங்குவது இப்படித்தான் நடக்கிறது. அந்த நாலு பேரில் பெரும்பாலோர் வாடகைக்கு ஓட்டுபவர்கள்.

சோதனை, மானியம், வரி

• மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம்: புத்னி, மத்தியப் பிரதேசம், தொடக்கம் 1955. தென் மண்டல நிலையம்: கார்லதின்னே, அனந்தபூர் மாவட்டம், ஆந்திரா. வட மண்டலம்: ஹிசார். வடகிழக்கு: பிஸ்வநாத் சாரியாலி, அசாம். சோதனை அறிக்கையில் பி.டி.ஓ. திறன், டீசல் செலவு, தூக்கும் திறன் எல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கும். இரண்டு மாடல்களை ஒப்பிட விளம்பரத் தாளைவிட இதையே நம்பலாம்.

• வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம்: 2014–15. மத்திய–மாநிலப் பங்கு 60:40. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 50 சதவீதம். மற்றவர்களுக்கு 40 சதவீதம். இரண்டுக்கும் உச்சவரம்புத் தொகை உண்டு, ஆகவே விலையில் பாதி கிடைத்துவிடும் என்று விவசாயியிடம் சொல்லிவிடாதீர்கள்.

• தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறையே டிராக்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி (2018) வழியாகவும் பதியலாம். இரண்டு மூன்று ஏக்கர்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

• ஜி.எஸ்.டி.: 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கு 12லிருந்து 5 சதவீதம். பழைய பாடக்குறிப்பு வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

• 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகை விதி: 2023 ஜனவரி 1 முதல்.

டீலர்

தேர்வில் இதற்குத் தனிக் கேள்வி வராது. ஆனாலும் இதைப் படிக்கச் சொல்கிறேன். ஆடிப்பட்டத்துக்கு ஈரம் இருக்கும் நாட்கள் மிகச் சில. அந்த வாரத்தில் கிளட்ச் போய் வண்டி நின்றால், எத்தனை எச்.பி. என்பதற்கு அர்த்தமே இல்லை.

• ஷோரூமுக்குப் போனவுடன் வண்டியைப் பார்க்காமல் உதிரிபாக கவுன்டருக்குப் போகச் சொல்லுங்கள். வாங்க நினைக்கும் மாடலின் பெயரைச் சொல்லி டீசல் ஃபில்டர், ஃபேன் பெல்ட், கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப் சீல் நான்கையும் கேட்க வேண்டும். முதல் இரண்டும் எந்தக் கடையிலும் இருக்கும். மற்ற இரண்டையும் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்களா, "ஆர்டர் போட்டா வந்துரும்" என்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். சிறு டிராக்டர் குறைவாக விற்கும் ஊரில் பெரும்பாலும் இரண்டாவது பதில்தான் வரும்.

• அடுத்துப் பட்டறைக்குள் போய், அங்கே வேலைக்கு நிற்கும் வண்டிகள் எத்தனை நாளாக நிற்கின்றன என்று அவற்றின் சொந்தக்காரர்களையே கேட்கலாம். மெக்கானிக் வயலுக்கு வருவாரா, வந்தால் கட்டணம் என்ன, இலவச சர்வீஸ் எத்தனை, அதில் ஆயிலுக்குக் காசு தனியா என்பதெல்லாம் விலைப்பட்டியலிலேயே எழுத்தில் வர வேண்டும். முதல் சர்வீஸ் வழக்கமாக 50 மணியில் வரும்.

• டெமோ கேட்பது உரிமை. தார் ரோட்டில் ஓட்டிக் காட்டுவது டெமோ ஆகாது. சொந்த நிலத்தில், வாங்கப் போகும் கருவியை மாட்டி, அரை ஏக்கராவது ஓட்ட வேண்டும். டேங்கை நிரப்பித் தொடங்கி, முடிந்ததும் மறுபடி நிரப்பினால் டீசல் செலவு தெரிந்துவிடும்.

• பத்தாயிரம் ரூபாய் குறைவு என்று அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போய் வாங்குவதைவிட, பதினைந்து கிலோமீட்டருக்குள் நல்ல பட்டறை வைத்திருக்கும் டீலரிடம் அந்தப் பத்தாயிரத்தைக் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

• மோட்டார் வாகனப் படிவங்கள்: 20 – பதிவு விண்ணப்பம்; 21 – விற்பனைச் சான்று; 22 – தகுதிச் சான்று; 34 – கடன் அடமானப் பதிவு; 35 – அடமான நீக்கம்.

• நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை. செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கு மேல் தேசிய ஆணையம். புகாருக்குக் காலவரம்பு 2 ஆண்டு. உதவி எண் 1915. வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர் நுகர்வோரே. ஒவ்வொரு முறை பட்டறைக்குப் போகும்போதும் ஹவர் மீட்டர் எண்ணோடு ஜாப் கார்டை வாங்கி வைத்திருந்தால்தான் அந்தப் புகார் நிற்கும்.