ஓய்வுக்குப் பிறகு அரைநாள்

அன்புள்ள மலர்விழிக்கு,

பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து அப்பா இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், ஒரு வக்கீல் அரைநாள் வேலைக்குக் கூப்பிடுகிறார், 'பென்ஷன் வருகிறதே, இன்னும் ஆசை அடங்கவில்லையா?' என்று சித்தப்பா கேட்டுவிட்டார் என எழுதியிருந்தாய். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. 2020 வரை 58, பிறகு 59, 2021-இல் 60 என்று ஓய்வு வயதை மாற்றியது அரசாணை. ஒருவர் கற்ற தொழில் அந்தத் தேதியில் கையைவிட்டுப் போய்விடுமா?

சி.வை. தாமோதரம் பிள்ளையை உனக்குப் பதிப்பாசிரியராகத் தெரியும். சென்னையில் அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்து 1882-இல் ஓய்வு பெற்றவர் அவர். பிறகு கும்பகோணத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். அதற்கிடையேதான் 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும் 1887-இல் கலித்தொகையும் வெளிவந்தன. தொட்டால் நொறுங்கும் ஏடுகளைப் பற்றி அவர் பதிப்புரையில் படும் வேதனையைத் தேடிப் படி. ஒரு பிரதியை இன்னொன்றோடு ஒத்துப் பார்ப்பது, இடிக்கிற இடத்தைக் குறித்து வைப்பது, ஆதாரம் கிடைக்கும்வரை கைவைக்காமல் இருப்பது எல்லாம் அவருக்குக் கணக்குத் துறையில் படிந்த பழக்கம் என்பது என் கட்சி. நண்பர்கள் ஒப்புவதில்லை. அந்தப் பதிப்புகளைப் படிக்கப் படிக்க எனக்கு அது உறுதிப்படுகிறது. உ.வே.சா.வும் 1919-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர்தான். 1924 முதல் மூன்றாண்டு சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். குறுந்தொகையை உரையோடு 1937-இல் கொண்டுவந்தபோது எண்பதைத் தாண்டியிருந்தார். ஆசை அடங்கவில்லை என்று அவரிடம் யார் சொல்வது?

உன் அப்பாவிடம் என்ன திறமை இருக்கிறது என்று யோசி. மடிப்பில் கிழிந்த பழைய கிரயப் பத்திரத்தை விரித்தால், கூட்டெழுத்தைத் தடங்கலின்றி வாசிப்பார். நான்கெல்லையில் வடக்கே சொன்ன வாய்க்கால் மூலப் பத்திரத்தில் மேற்கே இருந்தால் அங்கேயே விரல் நிற்கும். இன்றைய வக்கீல் குமாஸ்தாக்களில் எத்தனை பேருக்கு இது வரும்? அதற்காகக் கூப்பிட்டால் தாராளமாகப் போகட்டும்.

ஆனால் பழைய ஆபீசில் ஃபைலை நகர்த்தித் தருவார் என்று கூப்பிட்டால், வாசற்படி மிதிக்கக் கூடாது. இதை நீ தயங்காமல் அவரிடம் சொல்ல வேண்டும். முன்பு தனக்குக் கீழே இருந்தவர்களிடம் போய் நின்று காரியம் கேட்பது வேலையில்லை, தரகு. முப்பது வருஷம் சம்பாதித்த நல்ல பெயர் அதில் ஆறு மாதத்தில் கரைந்துவிடும்.

இன்னொன்று, பென்ஷனும் சம்பளத்தைப் போலவே வருமான வரிக் கணக்கில் சேரும். வக்கீல் கொடுப்பதையும் கூட்டித்தான் வரி வரும். இப்போதே கணக்குப் பார்க்கட்டும். வக்கீலிடம் நேரத்தைக் காலை பத்திலிருந்து ஒன்று வரை என்று பேசிக்கொள்ளச் சொல். மாலையில் அழைத்தால் கட்சிக்காரர்கள் கூட்டத்தில் இரவு ஒன்பதாகிவிடும், அப்புறம் அரைநாள் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்